உருக்கு உருகவில்லை, பாய்ந்தது

கவச வண்டியின் எஃகுத் தகட்டை எறிகணை 'உருக்கித் துளைத்தது' என்று எழுதுவது தமிழில் வழக்கமாகிவிட்டது. போர்ச் செய்திகளில் மட்டுமல்லாமல், ராக்கெட்டின் அடுக்குகள் எவ்வாறு பிரிகின்றன என்பதை விளக்க முற்படும் எழுத்துகளிலும் வெடியானது 'உலோகத்தை உருக்கி வெட்டுகிறது' என்ற தொடர் தலைகாட்டுகிறது. இது பிழை. அங்கே உலோகம் உருகுவதில்லை. திண்மமாக இருந்துகொண்டே நீரைப்போல ஓடுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டறிய அறிவியல் உலகுக்கே அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆகவே தமிழில் எழுதுவோரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஆயினும், இதைச் சரியாகச் சொல்வதற்குரிய சொல் தமிழில் மிக எளிதாக அமைந்திருக்க, நாம் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என்னை உறுத்துகிறது.

வரலாற்றை எழுத்திலிருந்தே தொடங்கலாம். 1888ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரோட் தீவு, நியூபோர்ட்டில் இருந்த கடற்படை ஆய்வு நிலையத்தில் சார்லஸ் மன்றோ என்னும் வேதியியலாளர் வெடிபஞ்சுக் கட்டிகளை எஃகுத் தகடுகளின்மீது வைத்து வெடிக்கச் செய்து சோதித்தார். கட்டிகளின் முகத்தில் தயாரிப்பாளரின் பெயர் குழிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. வெடித்தபின் பார்த்தால் அந்த எழுத்துகள் எஃகிலும் வெட்டப்பட்டிருந்தன. கல்வெட்டைப்போல உளியால் செதுக்கியது அன்று. வெடியே எழுத்தைப் படியெடுத்திருந்தது. வியப்பு அதோடு முடியவில்லை. கட்டியில் எழுத்து குழிந்திருந்தால் தகட்டிலும் குழிந்தது. கட்டியில் புடைத்திருந்தால் தகட்டிலும் புடைத்து நின்றது. நம் இயல்பான எதிர்பார்ப்புக்கு இது நேர்மாறானது. வெடிபொருள் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தானே பள்ளம் ஆழமாக விழ வேண்டும்? ஆனால் வெடிபொருள் இல்லாத இடத்தில், அந்த வெற்றிடத்துக்குக் கீழேதான் எஃகு ஆழமாகத் தோண்டப்பட்டிருந்தது.

குழிவின் பக்கச் சுவர்களிலிருந்து புறப்படும் வாயுக்கள் ஒன்றோடொன்று மோதி ஒரே திசையில் குவிகின்றன என்பது இதன் விளக்கம். மன்றோ இதை ஓர் இரும்புப் பெட்டகத்தில் சோதித்துக் காட்டினார். பெட்டகத்தின் சுவர் இரும்பு, எஃகுத் தகடுகளை அடுக்கி நாலே முக்கால் அங்குலத் தடிப்பில் அமைந்தது. ஒரு தகரக் குவளையைக் கவிழ்த்து, அதைச் சுற்றி ஒன்பதரை பவுண்டு டைனமைட் குச்சிகளைக் கட்டி வெடிக்கச் செய்தார். சுவரில் மூன்று அங்குல விட்டமுள்ள துளை நேராக விழுந்தது. அந்தத் தகரக் குவளை வெறும் தாங்கியாக மட்டுமே அங்கே இருந்ததாக எல்லோரும் நினைத்திருப்பர். பிற்கால வரலாறு முழுவதும் உண்மையில் அந்தத் தகரத்தைப் பற்றியது.

வெடி என்ற ஒரே சொல்லால் தமிழும் மலையாளமும் இரு வேறு நிகழ்வுகளைக் குறிக்கின்றன என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்ல வேண்டும். கேரளக் கோயில்களில் வெடிவழிபாடு உண்டு. கதினா என்னும் தடித்த இரும்புக் குடுவையில் கருமருந்தை இடித்து நிரப்பித் தீ வைப்பர். ஊரே அதிரும், ஆனால் குடுவை முழுதாக நிற்கும், மறுநாளும் பயன்படும். கருமருந்து மிக விரைவாக எரிகிறது, அவ்வளவே. வெடிபஞ்சிலோ டைனமைட்டிலோ நிகழ்வது வேறு. அங்கே அதிர்ச்சி அலை ஒன்று நொடிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் பொருளுக்குள் ஓடுகிறது. எஃகில் ஒலி செல்லும் வேகமே நொடிக்கு ஐந்து கிலோமீட்டர்தான். ஒரு முனையில் அடி விழுந்த செய்தி மறுமுனையைச் சென்றடையும் முன்பே எல்லாம் முடிந்துவிடும் உலகம் அது. கதினாவைப் பார்த்துப் பழகிய உள்ளுணர்வு அங்கே உதவாது.

அந்த உலகில் உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர் ஜான் ஹாப்கின்சன். 1872இல் அவர் செய்த சோதனை கிராமத்துப் பட்டறையிலும் செய்யக்கூடியது. ஓர் இரும்புக் கம்பியின் மேல்முனையை இறுகப் பொருத்தினார். கம்பியில் கோத்த எடையொன்றைக் கீழ்முனையிலுள்ள தடுப்பின்மேல் விழச்செய்தார். அடி விழுந்தது கீழே. ஆனால் கம்பி பல தடவை மேல்முனையில் முறிந்தது. முறிவைத் தீர்மானித்ததும் எடை எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு உயரத்திலிருந்து, அதாவது எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்பதே. அடியானது அலையாகக் கம்பியில் ஏறி, மேலே பொருத்திய முனையில் மோதித் திரும்பும்போது அங்கே இரட்டிக்கிறது என்று அவர் விளக்கினார். அவருடைய மகன் பெர்ட்ராம் 1905இல் இதைத் தொடர்ந்தார். மெல்ல இழுத்தால் எந்த விசையில் கம்பி நிலையாக நீண்டுவிடுமோ, அதைவிட மிகுதியான விசையை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் கம்பி சேதமின்றித் தாங்கிக்கொள்ளும் என்று காட்டினார். 1914இல் வெடியின் அழுத்தத்தையும் துப்பாக்கிக் குண்டு மோதும்போது எழும் அழுத்தத்தையும் அளக்க நீண்ட எஃகுத் தண்டொன்றைப் பயன்படுத்தினார். 1949இல் கோல்ஸ்கி அந்தத் தண்டை இரண்டாகப் பிரித்து இடையில் மாதிரியை வைத்தார். இன்று உலகெங்கும் அதிர்ச்சிச் சுமை ஆய்வகங்களில் காணப்படும் கருவி அதுவே.

ஹாப்கின்சன் மரபு கூறுவது இதுதான்: வேகமாக அடித்தால் உலோகம் கூடுதல் வலிமை காட்டும். அணுக்களின் அடுக்குகள் வழுக்கி இடம்பெயர நேரம் வேண்டும். நேரம் கொடுக்காவிட்டால் அவை எதிர்க்கும். அப்படியானால் மிக மிக வேகமாக அடித்தால் உலோகம் மிக மிக வலியதாகத்தானே ஆக வேண்டும்? மன்றோவின் பெட்டகம் அதற்கு எதிரான சாட்சியாக நின்றது. இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து எவரும் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்று பொறியியல் பேராசிரியர்களின் உலகம். மற்றது சுரங்கக்காரர், கடற்படையினர் உலகம்.

தகரத்துக்குத் திரும்புவோம். 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் ஒரு விநோத மரணத்தை ஆராய்ந்தார். வீட்டின் கணப்பு அடுப்பைத் திறந்த இளம்பெண் ஒருத்தி சிறு உலோகத் துணுக்கொன்று துளைத்து இறந்துபோனாள். நிலக்கரியோடு கலந்து வந்த வெடியூக்கியொன்று அடுப்பில் வெடித்திருந்தது. அந்த வெடியூக்கியின் செப்பு உறையின் அடிப்பகுதி சற்றுக் குழிந்த வடிவுடையது. வெடிப்பின்போது அந்த மெல்லிய குழிவு உள்வெளியாகத் திரும்பி, ஒரு திரண்ட துணுக்காகி, துப்பாக்கிக் குண்டைக் காட்டிலும் மிகுந்த வேகத்தில் பாய்ந்திருந்தது. 1936இல் வுட் இதை வெளியிட்டார். அதே பத்தாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஹென்றி மோஹாப்ட், ஜெர்மானியத் தரப்பில் தோமானெக் ஆகியோர் வெடியின் கூம்புக் குழிவுக்கு உலோக உட்பூச்சிட்டால் துளைக்கும் ஆற்றல் பன்மடங்காகிறது என்பதைத் தனித்தனியே கண்டனர். 1940 மே 10 அன்று பெல்ஜியத்தின் எபென் எமேல் கோட்டையின் எஃகுக் குமிழ்களின்மேல் ஜெர்மானிய வான்குடைப் படையினர் வைத்தவை இவ்வகைக் குழிவெடிகளே. இரண்டு ஆண்டுகளில் தோளில் தாங்கிச் சுடும் பசூக்கா வந்துவிட்டது.

குழப்பத்தை விதைத்த பெயரும் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது. 'ஹை எக்ஸ்ப்ளோசிவ் ஆன்டி டேங்க்' என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஹீட்' ஆகிறது. ஆங்கிலத்தில் அது வெப்பத்தைக் குறிக்கும் சொல்லும் ஆகும். வெப்பத்தால் கவசத்தை உருக்கும் குண்டு என்ற புரிதல் படைவீரர்களிடமிருந்து இதழாளர்களுக்கும், அவர்களிடமிருந்து மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பரவியது. ஒரு சுருக்கப் பெயர் ஓர் இயற்பியல் கொள்கையையே கற்பித்துவிட்டது.

கொள்கையளவில் முடிச்சு அவிழ்ந்தது போர்க்காலத்தில். அச்சில் வெளிவந்தது 1948இல். கட்டுரையின் ஆசிரியர் நால்வர்: பிர்காஃப், மக்டூகல், பியூ, டெய்லர். முதலாமவரான காரெட் பிர்காஃப் அருவ இயற்கணிதத்தில் பெயர்பெற்றவர். நால்வருள் ஜி. ஐ. டெய்லர் பாய்ம இயக்கவியலின் பேரறிஞர். வெடிப்பின் அழுத்தம் கூம்புச் சுவரை அச்சை நோக்கித் தள்ளுகிறது. எல்லாப் பக்கமிருந்தும் வரும் உலோகம் அச்சில் மோதுகிறது. மோதும் இடத்தில் அழுத்தம் உலோகத்தின் வலிமையைப் பன்மடங்கு மிஞ்சிவிடுவதால், வலிமையைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடலாம். இரண்டு நீர்த்தாரைகள் மோதுவதாக எண்ணிக் கணக்கிட்டால் போதும் என்றனர். அவ்வாறு கணக்கிட்டால், உட்பூச்சில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெல்லிய தாரையாக முன்னே பீறிடும். எஞ்சியது தடித்த கட்டியாகப் பின்னால் மெதுவாக வரும். தாரையின் முனை நொடிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகம் காட்டும். மிகக் குறுகிய நேர எக்ஸ் கதிர்ப் படங்களில் இவை அனைத்தும் காணப்பட்டன.

எண்களை இட்டுப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். சாதாரண எஃகு மீளாமல் வளையத் தொடங்கும் எல்லை சுமார் 250 மெகாபாஸ்கல். நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகமுள்ள தாமிரத் தாரை எஃகில் மோதும் புள்ளியில் எழும் அழுத்தம், எளிய பாய்மக் கணக்கின்படி, 67 கிகாபாஸ்கல் அளவில் வருகிறது. அதாவது வளி அழுத்தத்தைப்போல் ஆறரை இலட்சம் மடங்குக்கும் மேல். எஃகின் எல்லையைப்போல் 260 மடங்குக்கும் மேல். கவச எஃகு நான்கு மடங்கு வலியது என்று வைத்துக்கொண்டாலும் அறுபது மடங்குக்குக் குறையாது. மலைவெள்ளத்துக்கு முன் வயல் வரப்பு களிமண்ணா கருங்கல்லா என்று கேட்பது போன்றதுதான். வேகமாக அடித்தால் எஃகு வலுப்பெறும் என்ற ஹாப்கின்சன் மரபின் முடிவு இங்கே பொய்யாகவில்லை. வலிமை கூடத்தான் செய்கிறது. ஆனால் அழுத்தம் அதைவிடப் பன்மடங்கு விரைவாகக் கூடிவிடுவதால் அந்த வலிமை கணக்கில் தெரியாமல் போகிறது.

இதிலிருந்து கிடைக்கும் வாய்பாட்டை முதன்முறை படித்தபோது நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துளையின் ஆழம், தாரையின் நீளத்தைத் தாரையின் அடர்த்திக்கும் இலக்கின் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும். அவ்வளவுதான். இலக்கின் கடினம் அதில் இல்லை. உருகுநிலையும் இல்லை. வியப்பாக, தாரையின் வேகம்கூட இல்லை. நடைமுறையில் தாரையின் வேகங்குறைந்த வால்பகுதிக்கு இலக்கின் வலிமை மீண்டும் பொருட்படத் தொடங்கும்; வாய்பாடு இலட்சிய நிலையைச் சொல்கிறது. ஆனாலும் வெப்பம் என்ற சொல் நுழையவே இடமில்லாத விளக்கம் இது.

அப்படியானால் தாரை சூடாக இல்லையா? சூடுதான். தாமிரத் தாரைகளின் வெப்பநிலை சுமார் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை அளக்கப்பட்டுள்ளது. தாமிரம் உருகுவதோ 1085 டிகிரியில். பாய்ந்துகொண்டிருக்கும் தாரையின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்ததில் படிக ஒழுங்கு குலையாமல் இருப்பதும் தெரியவந்தது. உருகியிருந்தால் அந்த ஒழுங்கு இருக்காது. திண்மம் திண்மமாகவே ஓடியிருக்கிறது.

இனி சொற்களுக்கு வருகிறேன். எஃகுக்கு நம்மிடம் உள்ள இன்னொரு பெயர் உருக்கு. மலையாளத்திலும் உருக்குதான், கன்னடத்தில் உக்கு. ஐரோப்பியர் தென்னிந்திய எஃகை வூட்ஸ் என்று வழங்கியது இந்தச் சொற்குடும்பத்திலிருந்தே என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. உருக்கு என்ற பெயர் உருகு என்னும் வினையோடு பிணைந்தது. உலைக்களத்து நெருப்பை நினைவூட்டுவது. உருக்கு என்றால் உருகித்தான் வடிவம் மாறும் என்று நம் மொழியுணர்வு தானாகவே கருதிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மறுபுறம் பாய் என்னும் வினையைப் பாருங்கள். ஆறு பாய்கிறது. புலி பாய்கிறது. குண்டு பாய்கிறது. ஓடுதல், தாவுதல், துளைத்து ஊடுருவுதல் என மூன்று பொருளும் ஒரே வினைக்குள் அடங்கும். பள்ளிப் பாடநூல்கள் திரவத்தையும் வாயுவையும் சேர்த்துச் சுட்ட இதே வேரிலிருந்து பாய்மம் என்ற கலைச்சொல்லை அமைத்துள்ளன. பாய்மம் வேறு, நீர்மம் வேறு. பாய்மமாக நடந்துகொள்ளும் ஒன்று உருகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லில் இல்லை. நான் வாழும் கேரளத்தில் பாடநூல்கள் பாய்மத்துக்குத் திரவம், நீர்மத்துக்குத் திராவகம் என்று வடமொழி வழியே எழுதுகின்றன. இரண்டும் ஒரே வேரின, வேறுபாடு மெல்லியது. தமிழ்க் கலைச்சொல் இந்த இடத்தில் தெளிவு மிக்கது. 'தாரை கவசத்தில் பாய்ந்தது' என்று எழுதினால் 1948ஆம் ஆண்டின் இயற்பியல் முழுவதும் அந்த வினைக்குள் வந்துவிடுகிறது. 'உருக்கித் துளைத்தது' என்று எழுதும்போது அது வெளியேறிவிடுகிறது.

பேரழுத்தத்தில் உலோகம் உருகாமல் மாறும் வழிகள் வேறும் உண்டு. 1956இல் பான்கிராஃப்ட், பீட்டர்சன், மின்ஷால் மூவரும் இரும்பில் அதிர்ச்சி அலையைச் செலுத்தியபோது 13 கிகாபாஸ்கல் அருகே அலை இரண்டாகப் பிளந்ததைக் கண்டனர். இரும்பின் அணுக்கள் திண்ம நிலையிலேயே வேறோர் அடுக்கமைப்புக்கு மாறியிருந்தன. நிலையழுத்தச் சோதனைகள் பின்னர் இதை உறுதிசெய்தன. நம் நாட்டில் இத்துறை வளர்ந்த பின்னணி எளியதன்று. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற ஆர். சிதம்பரம், அதிர்ச்சி அழுத்தத்தில் புளூட்டோனியத்தின் அடர்த்தி எவ்வாறு மாறும் என்பதை டிராம்பேயில் கணக்கிட்டார். சண்டிகரிலிருந்த பாதுகாப்பு ஆய்வகம் வெடிபொருள்களை வடிவமைத்தது. 1974 மே 18 அன்று பொக்ரானில் இரண்டும் சேர்ந்தன. அந்த வரலாறு தனியாக எழுதத்தக்கது.

இப்பதிவுக்கு நெருக்கமானது இந்த நகரம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து சென்ற முதல் ராக்கெட்டிலிருந்து தொடங்கும் மரபின் தொடர்ச்சியாக விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியை உருவாக்கியது. அதன் முதல் அடுக்கு எரிந்து முடிந்ததும் இரண்டாம் அடுக்கிலிருந்து கழன்று விழ வேண்டும். திருகாணிகளைக் கழற்ற அங்கே ஆளில்லை. மன்றோவின் தகரக் குவளையை நீட்டிக் கயிறாக்கியதைப் போன்ற ஒரு பொருள் அந்த வேலையைச் செய்கிறது. குறுக்குவெட்டில் தலைகீழ் 'வி' வடிவுள்ள மெல்லிய உலோக உறை, உள்ளே வெடிமருந்து. வளைந்துகொடுக்கும் இந்தக் குழிவெடிக் கயிற்றை இணைப்பைச் சுற்றி வளையமாகப் பொருத்துகின்றனர். வெடிக்கும்போது கூம்புத் தாரைக்குப் பதிலாகக் கத்தி முனையைப் போன்ற ஒரு தாரை உருவாகி, உலோக வளையத்தை வெட்டிவிடுகிறது. முதல் அடுக்கின் விட்டம் 2.8 மீட்டர், சுற்றளவு ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெடிப்பலை நொடிக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், ஒரே முனையில் தொடங்கினாலும் சுற்றி வர ஒன்றேகால் மில்லி நொடிதான் ஆகும். இந்தக் கால அளவில் ஓர் இணைப்பை வெப்பத்தால் உருக்கி வெட்டுவது இயலாது. பாய்ந்து வெட்டலாம்.

இந்தத் துல்லியத்துக்கு ஒரு விலையும் உண்டு. வெட்டிய வேகத்தில் எழும் அதிர்ச்சி அலை ஏவூர்தியின் உடல் வழியே, ஹாப்கின்சன் கம்பியில் ஏறியதைப் போலவே, தொலைவிலுள்ள மின்னணுக் கருவிகள் வரை செல்லும். அடி விழுந்த இடத்தில் ஒன்றும் ஆகாமல் வேறிடத்தில் முறிவு நேரலாம் என்ற 1872ஆம் ஆண்டின் பாடம் இன்றும் வடிவமைப்பாளர்களின் கவலையாக உள்ளது. செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசத்தைத் திறக்க இதனால் வேறு உத்தி கையாளப்படுகிறது. அங்கே வெடிப்பின் வாயு வெளியேறாதபடி ஒரு துருத்திக்குள் அடைபட்டு, அது உப்புவதால் இணைப்பு அறுகிறது. தாரையோ புகையோ செயற்கைக்கோளைத் தீண்டுவதில்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று பி.எஸ்.எல்.வி. சி39 பயணத்தில் அந்தக் கவசம் பிரியவில்லை. மற்ற அடுக்குகள் முறையாகப் பிரிந்தன. ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். 1எச் செயற்கைக்கோள் மூடிய கவசத்துக்குள்ளேயே ஏவூர்தியிலிருந்து விடுபட்டு, வெளியே வர வழியின்றி வீணாயிற்று.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஜெட்' என்பதற்கு இப்பதிவில் தாரை என்ற சொல்லைப் பயன்படுத்தியுள்ளேன். 'லைனர்' என்பதற்கு உட்பூச்சு என்று எழுதியது எனக்கே நிறைவளிக்கவில்லை. அது தடவிய வண்ணத்தை நினைவூட்டுகிறது, கூம்பாக வார்த்த உலோகத்தை அன்று. பட்டறைகளிலும் ஆய்வகங்களிலும் பணியாற்றுவோர் பேச்சு வழக்கில் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் கீழே எழுதுங்கள்.